மகளின் தோழி வீட்டுக்குப் போகவே பயப்படுகிறாள். நான் எதுவரை தலையிடலாம்?

வாசல்விளக்கு | செவ்வாய் இரவு

யார் என்று தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் பயம் மட்டும் அப்படியே இருக்கிறது.

என் மகளுக்கு 13 வயது. அவளோடு படிக்கும் ஒரு பெண் வாரத்தில் மூன்று நாள் மாலையில் எங்கள் வீட்டுக்குப் படிக்க வருவாள். அமைதியான பிள்ளை. ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். கிளம்பும்போது வாசற்படியில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டுவாள். கட்டி முடித்ததும் அவிழ்ப்பாள். மறுபடியும் கட்டுவாள். முதலில் ஏதோ விளையாட்டு என்று நினைத்து விட்டுவிட்டேன். போன வாரம் பத்து நிமிடம் இதையே செய்துகொண்டிருந்தாள், விரல்கள் நடுங்கின. "என்னம்மா?" என்று கேட்டேன். "இன்னைக்கு அம்மாவுக்கு நைட் டூட்டி ஆன்ட்டி" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. வீட்டில் அவள், அவளுடைய அம்மா, ஓர் உறவுக்காரர் என்று மூன்று பேர் இருக்கிறார்கள்.

அன்று இரவு என் மகளை உட்கார வைத்துப் பேசினேன். அவள் சொன்னதுதான் என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. அந்தப் பெண்ணின் பையில் ஒரு செட் மாற்றுத்துணி, பல் துலக்கும் பிரஷ், பிளாஸ்டிக் உறையில் பிறப்புச் சான்றிதழ் இருக்கின்றனவாம். இணையத்தில் ஓர் 'அக்கா' பழக்கமாகி மூன்று மாதம் ஆகிறதாம். தினமும் இரவில் பேசுவாராம். "உன் கஷ்டம் எனக்கு மட்டும்தான் புரியும். இங்கே வா, தங்க இடமும் வேலையும் நான் பார்த்துக்கொள்கிறேன். சான்றிதழை மட்டும் மறக்காமல் எடுத்து வை, யாரிடமும் சொல்லாதே" என்று சொல்லியிருக்கிறார்.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு முறை கடத்தல் பற்றி வகுப்பு எடுத்தார்கள். வேனில் வருவார்கள், மிட்டாய் கொடுப்பார்கள், தெரியாதவர்களிடம் பேசாதே என்பதோடு சரி. இங்கே நடப்பது அப்படி இல்லையே. வீட்டில் இருக்கும் பயமும் இந்த 'அக்கா'வும் தனித்தனி விஷயங்களா, இல்லை ஒன்றின் இரண்டு முனைகளா? "அடுத்தவர் குடும்ப விஷயம், ஆதாரம் இல்லாமல் வாயைத் திறக்காதே" என்கிறார் என் கணவர். அடுத்த மாலை நாளை மறுநாள். தயவுசெய்து சொல்லுங்கள்.

---

நேர்வழி | செவ்வாய் இரவு

முதலில் அந்தப் பெண்ணின் அம்மாவிடம் சொல்லுங்கள். பெற்றவளுக்குத் தெரியாமல் நாம் எதுவும் செய்வது சரியில்லை. நாளைக்கே வீட்டுக்குப் போய், உறவுக்காரரையும் வைத்துக்கொண்டு நேரடியாகப் பேசிவிடுங்கள். அந்த 'அக்கா'வுக்கும் நாலு வார்த்தை நறுக்கென்று அனுப்பி பிளாக் செய்யச் சொல்லுங்கள்.

---

பழைய காப்பாளர் | புதன் அதிகாலை

தம்பி நேர்வழி, நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் வாசல்விளக்கு, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த வீட்டில் பயம் எந்த அறையிலிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியாது. நீங்கள் பேசிவிட்டு வெளியே வந்த பிறகு கதவு சாத்தப்படும். உள்ளே இருக்கப்போவது அந்தப் பிள்ளை. அந்த 'அக்கா'வுக்கும் ஒன்றும் அனுப்ப வேண்டாம். அனுப்பினால் அவள் கணக்கை அழித்துவிட்டு வேறு பெயரில் வருவாள், இல்லை "இன்றே கிளம்பு" என்பாள். பேசிய செய்திகள் எதுவும் அழியக்கூடாது. அவையெல்லாம் காவல்துறைக்குத் தேவைப்படும்.

19 வருடம் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் காப்பாளராக இருந்தேன். மீட்கப்பட்டு வரும் பிள்ளைகளின் விவரத்தைப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. 'எப்படி அழைத்துச் செல்லப்பட்டார்' என்று அதில் ஒரு கட்டம் உண்டு. 14 வயதுப் பெண் ஒருத்திக்கு அந்தக் கட்டத்தில் 'வேலை தருவதாக ஏமாற்றி' என்று எழுதினேன். அவளும் அப்படித்தான் சொன்னாள். எட்டு மாதம் கழித்து ஒரு மதியம், அவளும் நானும் காய்ந்த போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தோம். நான்கு மூலையையும் சேர்த்துப் பிடிப்பதற்காக என் பக்கம் நடந்து வந்தவள், போர்வையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கு வேலையெல்லாம் வேணாம் அம்மா. ஒன்பது வயசுல வீட்டுல ரெண்டு பேர்கிட்ட சொன்னேன். ஒருத்தர் அடிச்சாங்க. இன்னொருத்தர் வெளியே சொல்லிடாதேன்னாங்க. நான் சொன்னதை நம்பின முதல் ஆள் அவங்கதான்." அவளை விற்றவளைத்தான் 'அவங்க' என்று மரியாதையோடு சொன்னாள்.

அன்று மாலை பதிவேட்டைத் திறந்து அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் எழுதியது பொய் இல்லை. ஆனால் ஐந்து வருடக் கதையில் கடைசி ஒரு நாளை மட்டும்தான் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த பிள்ளைகளிடம், அவசரப்படாமல், 'அதற்கு முன்னால் யாரிடமாவது சொன்னாயா' என்று கேட்கப் பழகினேன். பலர் சொல்லியிருந்தார்கள். பெரியவர்களில் யாராவது ஒருவர் அதை வாங்கி எங்கேயோ போட்டிருந்தார்.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில்: ஆமாம், ஒன்றின் இரண்டு முனைகள்தான். வீட்டில் அடியும் பாலியல் துன்புறுத்தலும் அனுபவிக்கும் பிள்ளை இரண்டு விஷயங்களைக் கற்றுக்கொள்கிறாள். தன் உடம்பு தனக்குச் சொந்தமில்லை, ரகசியம் காப்பதுதான் பாதுகாப்பு. கடத்துகிறவர் புதிதாக எதையும் கற்றுத்தர வேண்டியதில்லை. "யாரிடமும் சொல்லாதே" என்று அந்த 'அக்கா' சொன்னபோது அவளுக்கு அது வித்தியாசமாகவே பட்டிருக்காது. அதைத்தான் ஏற்கனவே கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டாளே. இதில் ஈடுபடுகிறவர்களில் பெண்கள் நிறையப் பேர் உண்டு. 'அக்கா' என்பதாலேயே பாதுகாப்பு என்று நினைத்துவிட வேண்டாம்.

1989இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை எடுத்துப் பாருங்கள். பெற்றோரோ பராமரிப்பவரோ செய்யும் கொடுமையிலிருந்து காக்க வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. பாலியல் சுரண்டலிலிருந்து காக்க வேண்டும் என்கிறது 34. விற்பதையும் கடத்துவதையும் தடுக்க வேண்டும் என்கிறது 35. மூன்றும் ஒரே ஆவணத்தில்தான் இருக்கின்றன. நடைமுறையில்தான் 19ஐ ஓர் அலுவலகமும் 35ஐ இன்னோர் அலுவலகமும் பார்க்கின்றன. இரண்டுக்கும் நடுவில் பிள்ளை விழுந்துவிடுகிறாள். 'கடத்துகிறவர் அந்நியர்' என்ற படமும் பாதிதான் உண்மை. சர்வதேச புலம்பெயர்வு அமைப்பு 2017இல் தன் வழக்குப் பதிவுகளைத் தொகுத்து வெளியிட்டபோது, அடையாளம் காணப்பட்ட குழந்தைக் கடத்தல்களில் ஏறக்குறைய பாதியில் குடும்பத்தினர் யாராவது ஒருவரின் பங்கு இருந்தது.

இன்னொன்று. "அவளாகத்தானே போகிறேன் என்கிறாள்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். ஆட்கடத்தலை வரையறுக்கும் ஐ.நா.வின் பலெர்மோ நெறிமுறை 2000ஆம் ஆண்டு வந்தது. பெரியவர்கள் விஷயத்தில் மிரட்டல், ஏமாற்று, பலவந்தம் போல ஏதாவது ஒன்று நடந்ததா என்று பார்க்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே அது தேவையே இல்லை. சுரண்டும் நோக்கத்தோடு ஒரு பிள்ளையைச் சேர்த்தாலோ, கூட்டிப்போனாலோ, இடம் கொடுத்தாலோ அது கடத்தல்தான். பிள்ளையின் சம்மதம் கணக்கில் வராது.

சரி, நாளை மறுநாள் என்ன செய்வது? அதுவரை காத்திருக்க வேண்டாம், இன்றே உங்கள் நாட்டின் குழந்தைகள் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் இந்தச் சேவை உண்டு. 'ஆதாரம் இல்லை' என்றே சொல்லுங்கள். ஆதாரம் தேடுவது உங்கள் வேலை இல்லை, கவலையைச் சொல்வதுதான் உங்கள் வேலை. ஷூ நாடா, நைட் டூட்டி, மாற்றுத்துணி, சான்றிதழ் என்று நீங்கள் இங்கே எழுதியதை அப்படியே சொன்னால் போதும். அவள் பேசிய வார்த்தைகளைத் தேதியோடு, அவள் சொன்ன மாதிரியே, உங்கள் விளக்கம் எதுவும் சேர்க்காமல் எழுதி வையுங்கள். ஆனால் அவள் கிளம்பப் போகும் நாள் தெரியவந்தால், அல்லது கிளம்பிவிட்டால், உதவி எண்ணில் காத்திருக்காமல் நேராகக் காவல்துறையைக் கூப்பிடுங்கள்.

அவள் வந்தால் விசாரிக்காதீர்கள். அவளாகப் பேசினால் கேளுங்கள். "நம்புகிறேன். சொன்னது நல்லது. உன் மேல் எந்தத் தப்பும் இல்லை." இதைச் சொல்லுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சத்தியம் செய்துவிடாதீர்கள், மீற வேண்டி வரும். "உன்னைக் காப்பாற்றக்கூடியவரிடம் மட்டும் சொல்வேன், சொல்வதற்கு முன் உன்னிடம் சொல்லிவிடுவேன்" என்பதுதான் நேர்மையான வாக்கு. உங்கள் மகளிடமும் பேசுங்கள். தோழியைக் காட்டிக்கொடுத்துவிட்டோமோ என்று அந்தக் குழந்தையும் தவித்துக்கொண்டிருப்பாள்.

---

ஓடிவந்தவன் | புதன் காலை

பெண் பிள்ளைகளைப் பற்றியே எல்லோரும் பேசுவதால் இதை எழுதுகிறேன். நான் பையன். 11 வயதில் வீட்டை விட்டு ஓடினேன். காரணம் அடி. பெல்ட் கொக்கியின் தழும்பு இன்னும் என் தோளில் இருக்கிறது. ரயில் நிலையத்தில் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முதலில் தழும்பைப் பார்த்து "வலிக்குதா?" என்று கேட்டார். அவ்வளவுதான், அவர் பின்னாலேயே போய்விட்டேன். ஒரு பட்டறையில் கொண்டுபோய் விட்டார். விடியற்காலையிலிருந்து நள்ளிரவு வரை வேலை, வெளியே பூட்டு, சம்பளம் கிடையாது.

ஒரு சோதனையில் எங்களை மீட்டார்கள். இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். என் பெயர் கேட்டார்கள், ஊர் கேட்டார்கள், எத்தனை மணி நேரம் வேலை என்று கேட்டார்கள். 'ஏன் ஓடினாய்' என்று ஒருவரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் என்னை அதே வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டுவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். ஐந்து மாதத்தில் மறுபடி ஓடினேன். இரண்டாவது தடவை பட்டறைக்காரர்கள் என்னைத் தேடி வரவில்லை, நானாகவே அவர்களிடம் போனேன். அங்கே அடி குறைவு.

வீட்டுக் கொடுமை கடத்தலுக்கு வழிவிடுகிறது என்று மேலே சொன்னார்கள். மீட்டெடுத்த பிறகும் அதே வழி திறந்தே கிடக்கிறது. அந்தப் பெண் கிளம்பாமல் தடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள் அக்கா. அவள் எந்த வீட்டுக்குத் திரும்பிப் போகிறாள் என்று பாருங்கள்.

---

நேர்வழி | புதன் மதியம்

நான் எழுதியது தவறு. காப்பாளரம்மா சொன்னதைப் படித்தபோது உறைத்தது. ஆனால் ஒரு சந்தேகம் மிச்சமிருக்கிறது. வறுமையில் பிள்ளையை வேலைக்கு அனுப்பும் பெற்றோர் எல்லோரும் கொடுமைக்காரர்களா? அப்படிப் பேசினால் ஏழைகளைத்தானே குற்றவாளி ஆக்குகிறோம்?

---

கரும்பலகை | புதன் மாலை

இல்லை, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. சர்வதேச தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் 2025இல் வெளியிட்ட கணக்குப்படி, 2024இல் உலகில் 13.8 கோடிக் குழந்தைத் தொழிலாளர்கள் இருந்தார்கள். பெரும்பாலோர் விவசாய வேலையில்தான் இருக்கிறார்கள், அதுவும் நிறையப் பேர் சொந்தக் குடும்பத்தோடுதான். எல்லோரையும் கடத்தப்பட்டவர்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் கடனும் நோயும் நெருக்கும்போது, "படிக்க வைக்கிறேன், நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன்" என்று தெரிந்தவர் சொல்வதை நம்பி அனுப்பிவிடும் பெற்றோர் உண்டு. அவர்களும் ஏமாற்றப்பட்டவர்கள்தான். அந்தக் குடும்பங்களுக்குப் பண உதவியும் பக்கத்திலேயே ஒரு பள்ளியும் இருந்தால் தரகருக்கு அங்கே வேலை இல்லை. உலகச் சுகாதார அமைப்பு 2016இல் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து வெளியிட்ட 'இன்ஸ்பயர்' தொகுப்பில், குழந்தைகள் மீதான வன்முறையைத் தடுக்கும் ஏழு வழிகளில் ஒன்றாகக் குடும்ப வருமானத்தை உயர்த்துவதைச் சேர்த்தது இதனால்தான்.

நான் ஆசிரியர். அதனால் ஒன்று சொல்கிறேன். வாசல்விளக்கு பார்த்த ஷூ நாடாவை வகுப்பில் நாங்களும் வேறு வேறு வடிவத்தில் பார்க்கிறோம். மணி அடித்த பிறகும் மேசையைத் துடைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளை, வெள்ளிக்கிழமை வந்தாலே முகம் வாடும் பிள்ளை, புது போன் எப்படி வந்தது என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் வேறு பதில் சொல்லும் பிள்ளை. ஒரே ஒரு அடையாளத்தை வைத்து முடிவு கட்டக் கூடாதுதான். ஆனால் இரண்டு மூன்று சேர்ந்தால் நான் எங்கள் பள்ளி ஆலோசகரிடம் எழுத்தில் கொடுத்துவிடுவேன்.

இன்னொரு முக்கியமான விஷயம். அந்த 'அக்கா' படம் ஏதாவது அனுப்பச் சொல்லி, இந்தப் பிள்ளையும் அனுப்பியிருந்தால், அதைவைத்தே மிரட்டுவார்கள். 'வராவிட்டால் எல்லோருக்கும் அனுப்புவேன்' என்பார்கள். பல பிள்ளைகள் பயத்தால் கிளம்புவது இந்த இடத்தில்தான். படம் இருப்பது தெரியவந்தால் நீங்கள் அதைப் பார்க்கவோ, உங்கள் போனுக்கு மாற்றவோ, 'ஆதாரம்' என்று யாருக்கும் அனுப்பவோ கூடாது. பல நாடுகளில் அதுவே குற்றம். போன் இருக்கிறபடியே காவல்துறை கைக்குப் போகட்டும். பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை 2023இலிருந்து இருக்கிறது. படம் போனை விட்டு வெளியே போகாது. அதன் கைரேகை மாதிரி ஓர் எண் குறியீடு மட்டும் போகும், அதை வைத்து இதில் சேர்ந்திருக்கும் தளங்கள் அந்தப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும். பிள்ளையிடம் இதைச் சொன்னாலே பாதிப் பயம் இறங்கும். 'இனி எல்லாம் முடிந்துவிட்டது' என்று நினைத்துக்கொண்டிருப்பாள், முடியவில்லை என்று தெரிய வேண்டும்.

---

வாசல்விளக்கு | பன்னிரண்டு நாள் கழித்து

நடந்ததைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. சொல்லக்கூடியதை மட்டும் சொல்கிறேன்.

புதன்கிழமையே உதவி எண்ணைக் கூப்பிட்டேன். எடுத்தவர் நான் அழுது முடிக்கும் வரை பொறுமையாக இருந்தார். குழந்தை இப்போது எங்கே, இன்றிரவு அவளுடன் யார் இருப்பார்கள், கிளம்பும் நாள் ஏதாவது தெரியுமா என்று மூன்று கேள்விகள்தான் கேட்டார். அடுத்த நாளே பள்ளி ஆலோசகரும் குழந்தைகள் நல அதிகாரி ஒருவரும் பள்ளியிலேயே அவளைச் சந்தித்தார்கள். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காமல், காவலர், மருத்துவர், நல அதிகாரி எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்து ஒரே தடவையில் கேட்டுக்கொண்டார்கள் என்பது மட்டும் தெரியும். ஐஸ்லாந்தில் 1998இல் 'பார்னாஹுஸ்' என்ற பெயரில் இப்படி ஒரு வீட்டைத் தொடங்கினார்களாம், அதிலிருந்து பரவிய முறை இது என்று அதிகாரி சொன்னார்.

அந்த 'அக்கா' குறித்துக் கொடுத்த நாள் சனிக்கிழமை. இடையில் இரண்டே நாள்தான் இருந்திருக்கிறது. போன் இப்போது காவல்துறையிடம் இருக்கிறது. அந்தப் பெண் அவளுடைய அத்தை வீட்டில் இருக்கிறாள். அவள் அம்மா என்னைப் பார்க்க வந்தார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். வாசற்படியில், அவள் உட்காரும் அதே இடத்தில் உட்கார்ந்துவிட்டார். "என்கிட்ட ஒரு தடவை சொல்ல வந்தா. டூட்டிக்கு நேரமாச்சுன்னு சொல்லிட்டேன்" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நானும் உட்கார்ந்திருந்தேன்.

காப்பாளரம்மா, ஒரே ஒரு கேள்வி. நேற்று அந்தப் பெண் என் மகளுக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். "நான் சொன்னதெல்லாம் பொய்னு சொல்லிடலாம்னு நினைக்கிறேன், எல்லாரும் அழறாங்க" என்று எழுதியிருக்கிறாள். எனக்குக் கை கால் ஓடவில்லை.

---

பழைய காப்பாளர் | அதே இரவு

பதறாதீர்கள் அம்மா. இது அடிக்கடி நடப்பதுதான். குடும்பம் உடைவதைப் பார்க்கும்போது தன்னால்தான் என்று நினைத்து, சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் பார்ப்பார்கள். அப்படி வாங்கிக்கொண்டால், முதலில் சொன்னது பொய் என்று அர்த்தம் இல்லை. கடிதத்தை அப்படியே நல அதிகாரியிடம் கொடுத்துவிடுங்கள். கொடுக்கப் போகிறீர்கள் என்பதை, நல அதிகாரி வழியாக முதலில் அவளுக்கே தெரியப்படுத்துங்கள். உறவுக்காரர்கள் யாராவது அத்தை வீட்டுக்கு வந்து போகிறார்களா, போனில் அழுத்தம் கொடுக்கிறார்களா என்று அதிகாரி விசாரிக்க வேண்டும். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அவளுடைய அம்மாவுக்கும் ஓர் ஆலோசகர் தேவை, அந்த ஒரு வாக்கியத்தைச் சுமந்துகொண்டு அவர் தனியாக நைட் டூட்டிக்குப் போகக் கூடாது.

உங்கள் மகள் பதில் எழுதட்டும். "எப்படிச் சொன்னாலும் நான் உன் தோழிதான்" என்று ஒரு வரி எழுதினால் போதும். இந்த விஷயத்தைப் பற்றி வேறு ஒன்றும் வேண்டாம். அப்புறம் வகுப்பில் இப்போது எந்தப் பாடம் நடக்கிறது, யார் அருகில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், அவள் இருக்கை யாருக்கும் கொடுக்கப்படாமல் காலியாகவே இருக்கிறதா என்று எழுதச் சொல்லுங்கள்.